மண்ணும் ஜலமும் எடுக்கும் கருவிகளைச் சுத்தி செய்தல்

ஓர் ஏக்கர் நிலத்தில் உழவுபடும் மேல்மண் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ எடையுள்ளது. அந்நிலத்தின் தன்மையை அறியும்பொருட்டுச் சோதனைச்சாலைக்குப் போய்ச் சேருவது அரைக் கிலோ மண். அதிலும் துத்தநாகம் முதலிய நுண்சத்துக்களைக் கணக்கிட இரசாயனப் பரிசோதகர் நிறுத்து எடுத்துக்கொள்வது 10 கிராம் மாத்திரமே. அந்தப் 10 கிராம் சொல்வதைக் கொண்டே இன்ன பயிருக்கு இவ்வளவு எரு என்று எழுதிக் கொடுக்கப்படுகிறது. ஆகையால் வயலைச் சாராத வேறொரு பொருள் அந்த அரைக் கிலோவில் சிறிதளவு கலந்துவிடினும், அது 9 லட்சம் கிலோவிலும் கலந்திருப்பதாகவே கணக்கில் ஏறும்.

2015-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கப்பட்ட பின்னர், மண் எடுத்து அனுப்பும் வழக்கம் ஊர்தோறும் பரவியிருக்கிறது. வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம், மரநிழல் ஆகியவற்றை விலக்கி, 10 அல்லது 15 இடங்களில் 15 செண்டிமீட்டர் ஆழம் சாய்வாக வெட்டி, பக்கவாட்டில் ஒரே கனமாகச் சீவி எடுத்து, ஒன்றாகக் கலந்து, கால்பங்கு கால்பங்காகக் கழித்து அரைக் கிலோவாக்க வேண்டும் என்பதைக் குடியானவர்களில் பலர் அறிவர். ஆனால் வெட்டும் மண்வெட்டி அதற்கு முன் எங்கே இருந்தது என்று கேட்பவர் அரிது. முந்தின நாள் அது எருக்குழியில் இருந்திருக்கும். மண்ணை ஏந்தும் வாளி யூரியா கரைத்த வாளியாக இருக்கும். மண்ணை உலர்த்துவதோ பெரும்பாலும் காலியான உரச்சாக்கின்மேல்தான்.

இதனால் விளையும் பிழை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சாக்கின் மடிப்பில் ஒட்டியிருந்த யூரியா, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு மண்ணோடு சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அது ஒரு சிட்டிகைக்கும் குறைவு, கண்ணில் படாது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உண்டாதலின், அதில் 46 மில்லிகிராம் தழைச்சத்து இருக்கும். அது மண்ணின் ஈரத்தில் மாறி முழுவதும் கணக்கில் ஏறுமாயின், ஹெக்டேருக்கு ஏறக்குறைய 200 கிலோ தழைச்சத்து அதிகமாகத் தோன்றும். ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் குறைந்த நிலமே தழைச்சத்துக் குறைந்த நிலம் என்று வகுக்கப்படுகிறது. 150 கிலோ உள்ள ஏழை நிலம், ஒரு சிட்டிகை உரத்தால் 350 கிலோ உள்ள நடுத்தர நிலமாகச் சீட்டில் எழுதப்பட்டுவிடும். அதை நம்பி உரத்தைக் குறைத்த மிராசுதார், அறுவடைக் காலத்தில் சோதனைச்சாலையை நொந்துகொள்வார். சோதனைச்சாலையில் தவறு ஒன்றும் நேர்ந்திராது.

எதைத் தேடுகிறோமோ அதனாலான கருவி ஆகாது

நுண்சத்துக்களில் இந்தப் பிழை இன்னும் எளிதில் புகும். தமிழ்நாட்டு நன்செய்களில் துத்தநாகக் குறைவு பரவலாக உண்டு. நெற்பயிரின் இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குன்றும் ‘கைரா’ என்னும் நோய் துத்தநாகக் குறைவினால் வருவது என்பதை 1966-இல் பந்த்நகரில் நேனே என்னும் சாஸ்திரி கண்டறிந்தார். பயிருக்குக் கிட்டக்கூடிய துத்தநாகம் கிலோ மண்ணுக்கு 1 மில்லிகிராம் அளவில் நிற்கும் நிலமே போதும், போதாது என்னும் எல்லையருகில் உள்ள நிலம். அப்படிப்பட்ட மண்ணில் அரைக் கிலோ எடுத்தால், அதிலுள்ள துத்தநாகம் முழுவதும் அரை மில்லிகிராம். நாகப்பூச்சுப் பூசிய இரும்பு வாளியின் அடியிலிருந்து பெயரும், அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு துகளின் எடையும் அவ்வளவே. அத்துகள் கரைந்து கணக்கில் சேர்ந்தால் துத்தநாகம் இரு மடங்காகத் தோன்றும். ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டு இட்டிருக்க வேண்டிய நிலத்துக்கு ஒன்றும் வேண்டியதில்லை என்று பதில் வரும்.

ஆதலால் கருவியைச் சுத்தி செய்யுமுன் கருவியைத் தேர்ந்துகொள்ளுதல் அவசியம். துத்தநாகத்துக்கு நாகப்பூச்சு வாளியும் பித்தளைப் பாத்திரமும் ஆகா. தாமிரத்துக்குப் பித்தளையும் செம்பும் ஆகா. இரும்புச்சத்தைப் பார்க்கத் துருவேறிய மண்வெட்டி உதவாது. குரோமியத்தைப் பார்க்கக் குரோமிய முலாம் பூசிய கருவியைத் தொடவே கூடாது. எவர்சில்வரிலும் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட பங்கு குரோமியம் உண்டு. அது கெட்டியாகப் பிணைந்திருப்பதால் மண்ணைச் சீவும் சிறுபொழுதில் எளிதில் உதிராது. இருப்பினும் கூழாங்கல் நிறைந்த தரையில் அதையும் விலக்குதல் நலம். பூச்சிமருந்தின் மிச்சத்தைத் தேடும்போதோ முறை தலைகீழாகும்: பிளாஸ்டிக்கு மருந்தை உறிஞ்சவும் தன்னிலுள்ளதைக் கொடுக்கவும் கூடுமாதலின், அங்கே எவர்சில்வர்க் கரண்டியும் கண்ணாடிச் சீசாவுமே தகுந்தவை.

வேறு மண்வெட்டி கிடையாத குடியானவர்க்கும் வழியுண்டு. இருக்கிற மண்வெட்டியாலேயே குழியை வெட்டலாம். பின்னர், இரும்பு பட்ட பக்கத்தை மூங்கில் சீவலால் ஒரு விரற்கனம் சுரண்டித் தள்ளிவிட்டு, உள்ளே இரும்பு படாத மண்ணை அதே சீவலால் மேலிருந்து கீழாகச் சீவிப் பிளாஸ்டிக்கு வாளியில் எடுத்தால் போதும். மூங்கிற் சீவலுக்குச் செலவு கிடையாது. வயலுக்கு ஒன்று வெட்டி, வேலை முடிந்ததும் எறிந்துவிடலாம். கழுவவேண்டாத கருவி இஃதொன்றே.

கிணற்றிலிருந்து கிணற்றுக்கு

ஜல மாதிரியில் பிழை நேர்ந்தால் நஷ்டம் உரச்செலவோடு நிற்பதில்லை. பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்களின் தோல் பதனிடும் சாலைகளிலிருந்து வெளிவந்த கழிவு ஜலத்தால் நிலமும் கிணறும் கெட்டமையைக் குறித்து நடந்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டது அத்தீர்ப்பில் எடுத்துக் கூறப்பட்டிருக்கிறது. திண்டுக்கல்லைச் சார்ந்த 13 கிராமங்களில் குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டிருந்தன என்பதும் அதில் உண்டு. யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணித்து ஈடு பெற்றுத்தர ஓர் அதிகாரசபை அமைக்கப்படவேண்டும் என்றும் கட்டளை பிறந்தது. 467-இல் 350 என்று எண்ணவேண்டுமானால், கெட்ட கிணற்றைக் கெட்டதென்றும் நல்ல கிணற்றை நல்லதென்றும் பிரித்தறிய வேண்டும். அந்தப் பிரிவினை சீசாவிலும் வாளியிலும் தொடங்குகிறது.

குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். சாலைக்கு அருகிலுள்ள ஒரு கிணற்றில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் குரோமியம் இருப்பதாகவும், அரை மைல் தள்ளியுள்ள மற்றொரு கிணறு முழுவதும் சுத்தமானதென்றும் வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் கொள்ளும் மொண்டுகுவளையால் முதலில் கெட்ட கிணற்றில் மொண்டு, ஊற்றிவிட்டு, அதைக் கழுவாமல் இரண்டாவது கிணற்றில் இறக்கினால், குவளையின் உட்புறத்திலும் கயிற்றிலும் 50 மில்லிலிட்டராவது தங்கியிருக்கும். அதனால் நல்ல கிணற்று ஜலத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குரோமியம் தோன்றும். அது எல்லையைப்போல் நான்கு மடங்கு. குற்றமில்லாத கிணறு கெட்ட கிணறாகப் பதிவாகும். பின்னொரு நாள் வேறொருவர் சுத்தமான சீசாவில் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று மெய்ப்பித்தால், மெய்யாகவே கெட்ட கிணற்றின் கணக்கையும் எவரும் நம்பமாட்டார்கள். கழுவாத குவளையால் வரும் பெருங்கேடு இதுவே.

இதற்கு முதற் பரிகாரம் செலவில்லாதது, வரிசையை மாற்றிக்கொள்ளுதல். நல்லதென்று கருதப்படும் கிணற்றில் முதலில் எடுத்து, சந்தேகமுள்ளதை அடுத்து எடுத்து, மிகவும் கெட்டதைக் கடைசியில் எடுக்க வேண்டும். மண்ணுக்கும் இதே வரிசைதான்.

இரண்டாவது பரிகாரம் எடுக்கப்போகிற ஜலத்தாலேயே மும்முறை அலசுதல். மேற்சொன்ன குவளையில் நல்ல ஜலத்தை நிரப்பிக் கொட்டினால், தங்கிய குரோமியம் இருபதில் ஒரு பங்காகும். மறுபடி அலசினால் அதிலும் இருபதில் ஒரு பங்கு. மூன்றாம் முறை அலசிய பின் இருப்பது முதலில் தங்கியதில் 8,000-த்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கு ஜலத்தில் கரைந்திருக்கும் பொருளுக்கே பொருந்தும். சேறு, எண்ணெய், பாசி ஆகியவற்றோடு ஒட்டியிருப்பது எத்தனை முறை அலசினாலும் போகாது. அதைத் தேய்த்தே நீக்கவேண்டும். குளித்தவன் அழுக்கு வேட்டியைத் திரும்ப உடுத்திக்கொள்வதுபோல், சிலர் குவளையை நன்கு கழுவிக் கயிற்றை மறந்துவிடுகிறார்கள். கயிற்றைத் தரையில் போடாமல் சுத்தமான விரிப்பின்மேல் சுருட்டி வைத்துக்கொள்வதும், கிணற்றுக்கொரு கயிறு வைத்துக்கொள்வதும் உத்தமம்.

பம்பு உள்ள கிணறாயின் 10 அல்லது 15 நிமிஷம் ஓடவிட்ட பின்னரே பிடிக்கவேண்டும். குழாயில் தேங்கிக் கிடந்த ஜலம் குழாயின் துருவையும் நாகப்பூச்சையும் தன்னோடு கொண்டுவரும்.

அலசக்கூடாத சீசாவும் உண்டு. கிருமிப் பரிசோதனைக்காகச் சோதனைச்சாலையில் வேகவைத்து மூடிக் கொடுத்த சீசாவை அலசினால் அதன் சுத்தியே கெடும். உலோகப் பரிசோதனைக்காக முன்கூட்டியே திராவகம் விட்டுக் கொடுத்த சீசாவை அலசினால் திராவகம் போய்விடும். இவற்றை அப்படியே பிடித்து மூடிவிட வேண்டும்.

கழுவும் முறை

வேலை முடிந்தவுடன், சேறு காய்வதற்குள், அவ்விடத்திலேயே மரச்சீவலால் சுரண்டித் தேங்காய்நார்த் தூரிகையால் தேய்த்துவிட வேண்டும். கம்பிச் சுருள் போட்டுத் தேய்த்தால் கம்பித் துணுக்கு தங்கும். சாம்பலும் புளியும் இட்டுத் துலக்கும் நம் வீட்டு வழக்கம் பாத்திரத்துக்கு நல்லதாயினும் இவ்வேலைக்கு ஆகாது. சாம்பலில் உள்ளது சாம்பல்சத்தே. சலவைத்தூள்களில் சிலவற்றில் பாஸ்பேட்டு சேர்ந்திருப்பதால் மணிச்சத்துக் கணக்கு கெடும். பாஸ்பேட்டு கலவாத சோப்புக் கரைசலே தகுதி. பிறகு குடிக்கத் தகுந்த ஜலத்தால் நுரை போகுமட்டும் கழுவவேண்டும். சந்தேகமுள்ள கிணற்று ஜலத்திலேயே கழுவிவிட்டு அக்கிணற்றின்மேல் வழக்காடப் போவோரும் உண்டு.

கடைசியாக வாலை ஜலம், அதாவது காய்ச்சி வடித்த ஜலம், மும்முறை விட்டு அலசவேண்டும். அதைச் சோதனைச்சாலையிலிருந்தே வாங்கிக்கொள்வது நலம். உலோகங்களைத் தேடும்போது, வாலை ஜலத்துக்கு முன் நூற்றுக்குப் பத்துப் பங்கு நைட்ரிக் திராவகம் கலந்த ஜலத்தால் அலசும் முறை உண்டு. இது பிளாஸ்டிக்குக்கும் கண்ணாடிக்கும் மட்டுமே உரியது. இரும்பின்மேல் விட்டால் இரும்பே கரைந்து வரும். ஜலத்தில் திராவகத்தை ஊற்றவேண்டுமே தவிர, திராவகத்தில் ஜலத்தை ஊற்றலாகாது. பழக்கமில்லாதவர் இதைச் சோதனைச்சாலையாரிடமே விட்டுவிடவேண்டும். பூச்சிமருந்துக்கு எடுக்கும் கரண்டியைக் கழுவி, சுத்தமான அசிட்டோனால் அலசி, அடுப்பும் பீடியும் அணுகாத இடத்தில் முற்றும் உலரவிட்டு, அலுமினியத் தாளில் சுற்றிவைப்பார்கள்.

அலசியதைத் துடைக்கலாகாது. தோள்மேல் கிடக்கும் துண்டில் வியர்வையும் உப்பும் புழுதியும் உண்டு. நிழலில் கவிழ்த்து வைத்தால் தானே உலரும். உலர்ந்ததைப் புதிய பாலிதீன் பையில் இட்டுக் கட்டிவிடவேண்டும். கழுவிய ஜலத்தைக் கிணற்றங்கரையில் கொட்டாமல் ஒரு பாத்திரத்தில் ஏந்தி அப்புறப்படுத்தவேண்டும். திராவகமும் அசிட்டோனும் கலந்ததைச் சோதனைச்சாலைக்கே திருப்பியனுப்பவேண்டும்.

கைகளும் கருவிகளே. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரல், விபூதி எடுத்த விரல், பொடி போட்ட விரல், காலையில் உரம் வீசிய கை, இவை ஒவ்வொன்றும் மண்ணில் தன் அடையாளத்தை வைக்கும். மாவு தடவாத கையுறை மலிவாகக் கிடைக்கிறது. அது இல்லையேல் முழங்கைவரை சோப்பிட்டுக் கழுவியாவது தொடங்கவேண்டும்.

சாட்சிச் சீசா

கருவி சுத்தமாயிற்று என்பதைக் கண்ணால் அறிய முடியாது. அதற்கொரு சாட்சி வேண்டும். கழுவி முடித்த கருவியின்மேல் வாலை ஜலத்தை ஊற்றி, வடியும் ஜலத்தை மாதிரிக்கு உரிய சீசா ஒன்றில் பிடித்து, மற்றச் சீசாக்களோடு எண்ணிட்டுச் சோதனைச்சாலைக்கு அனுப்பவேண்டும். 20 மாதிரிக்கு ஒன்று, அல்லது நாளுக்கு ஒன்று என்பது வழக்கம். கிணற்று ஜலத்தில் குரோமியம் 0.06 என்றும் சாட்சிச் சீசாவில் ஒன்றுமில்லை என்றும் வந்தால், கிணறு எல்லையைக் கடந்தது உறுதி. சாட்சிச் சீசாவிலும் 0.04 என்று வந்தால் அன்றைய கணக்கைத் தள்ளிவிட்டு மறுபடியும் எடுக்க வேண்டியதுதான். சாட்சியில் கண்டதைக் கழித்துக்கொண்டால் போதாதா என்று சிலர் கேட்பர். போதாது. கருவியில் ஒட்டியது ஒவ்வொரு கிணற்றிலும் ஒரே அளவாகக் கழன்றிருக்குமென்று சொல்வதற்கில்லை.

ஒரு சீசாவுக்கு வீண் செலவா என்று எண்ணுவோர், கிளேர் பாட்டர்சன் என்னும் அமெரிக்க இரசாயன சாஸ்திரியை நினைத்துக்கொள்ளலாம். காரீயத்தின் வகைகளைக் கொண்டு பூமியின் வயதை அளக்க முயன்ற அவருக்கு, சோதனை அறையின் புழுதியிலும் பாத்திரத்திலும் இருந்த காரீயம் கலந்து கணக்கு நிலைகொள்ளவில்லை. அறையையும் பாத்திரங்களையும் சுத்தி செய்வதிலேயே ஆண்டுக்கணக்கில் உழைத்த பின்னர்தான், 455 கோடி ஆண்டு என்னும் வயதை 1956-இல் வெளியிட முடிந்தது. கடல் ஜலத்தில் முன்னோர் கண்டதாகச் சொன்ன காரீயத்தில் பெரும்பகுதி கடலுடையதன்று, எடுத்தவர்களுடையது என்பதும் பின்னர் அவர் வேலையால் வெளிப்பட்டது.

கிராம உத்தியோகஸ்தர்கள் இங்கே செய்யத்தக்க உதவி பெரிது. தொழிற்சாலைக் கழிவு ஜலத்தை எடுப்பதற்கு 1974-ஆம் வருஷத்து ஜல மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு முறை வகுத்திருக்கிறது. உடையவருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பங்கிட்டு, முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட வேண்டும். அம்முறை தவறினால் அந்தப் பரிசோதனை வழக்கில் சாட்சியமாகாது. குடியானவர் தம் கிணற்றில் தாமே எடுப்பதற்கு இப்பிரிவு பொருந்தாதாயினும், அதன் கருத்தைப் பின்பற்றுவதில் நஷ்டமில்லை. கிராம நிர்வாக அலுவலர் அருகிலிருந்து, தேதி, நேரம், சர்வே எண், எந்த வரிசையில் கிணறுகள் எடுக்கப்பட்டன, எந்தக் கருவி, எதைக்கொண்டு கழுவப்பட்டது, சாட்சிச் சீசாவின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வைத்தால், பல மாதங்களுக்குப் பின் கேள்வி எழும்போது ஞாபகத்தை நம்பவேண்டியிராது.

கருவியோடு செல்லும் நோய்

பொய்க் கணக்கையன்றி மெய்யான நோயையும் கழுவாத கருவி கொண்டுசெல்லும். 1961-இல் எப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் என்னும் ஆங்கில சாஸ்திரி உதகமண்டலத்தருகே உருளைக்கிழங்கு வயலில் ஒருவகை நூற்புழுவைக் கண்டார். இந்தியாவில் அப்புழு அறியப்பட்டது அதுவே முதல்முறை. அதன் பெண்புழு செத்தபின் உடலே கெட்டித் தோலாகி முட்டைகளைக் காக்கும். குண்டூசித் தலையிலும் சிறிய அக்கூட்டுக்குள் சில நூறு முட்டைகள் இருக்கும். உருளைக்கிழங்கு பயிரிடாவிடினும் மண்ணில் இருபது வருஷங்கள்கூட உயிரோடு கிடக்கும். நீலகிரியின் விதைக்கிழங்கு வெளியூர்களுக்குப் போவது சட்டத்தால் தடுக்கப்பட்டது இப்புழுவினால்தான்.

இது காற்றில் பறந்து வருவதன்று. பெரும்பாலும் கிழங்கிலும் சாக்கிலும் கொத்திலும் காலிலும் ஒட்டிய மண்ணோடு வருவது. ஒரு நாளில் இருபது தோட்டங்களில் மண்ணெடுக்கும் ஆளின் துளைக்கருவியை விட இதற்கு ஏற்ற வாகனம் வேறில்லை. கூட்டின் தோல் மருந்துகளுக்கு எளிதில் இளகாதாகையால், மருந்து ஜலத்தில் முக்கியெடுத்துவிட்டுத் திருப்தியடைவது தவறு. மண்ணை ஒரு துணுக்கும் விடாமல் சுரண்டித் தேய்த்து நீக்கி, அதன்மேல் கொதிஜலம் ஊற்றவேண்டும். சுரண்டிய மண்ணை எடுத்த தோட்டத்திலேயே விடவேண்டும். செருப்பின் அடியும், மோட்டார் சைக்கிளின் சக்கரமும், மண்பைகளை வைத்த கூடையின் அடிப்புறமும் இக்கணக்கில் சேர்ந்தவை. புழு உள்ளதென்று தெரிந்த தோட்டத்தை அன்றைய கடைசித் தோட்டமாக வைத்துக்கொண்டு, வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போய் வரவேண்டும்.